கழுத்து அட்டை

ஜூலை 7, திங்கள்
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள்.

இன்று மத்தியானம், ஸ்கூலில் தமிழ் பேசினால் மாட்டுகிற அந்த அட்டை என் கழுத்துக்கு வந்தது. மழை வருது என்று சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். இனி தமிழில் பேசுகிற வேறு யாரையாவது பிடித்து நான் மாட்டிவிட வேண்டும். கடைசி மணிக்கு யாரிடம் இருக்கிறதோ, அவர் மறுநாள் பிரேயரில் அதோடு மேடையில் நிற்க வேண்டும். இரண்டு முறை நின்றுவிட்டேன். மூன்றாவது முறை என்றால் அம்மாவைக் கூப்பிடுவார்கள்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார்கள். மணி அடிக்கப் போகும்போது ஒன்றாம் வகுப்பு ஆன்மேரி ஓடி வந்தாள். என் வேனில் வருகிறவள். விழுந்திருந்தாள், முட்டியில் ரத்தம்.
“அக்கா, எரியுது.”
மாட்டிவிட்டேன்.

ஜூலை 8
மேடையில் நின்றாள். அட்டை அவள் வயிறு வரை தொங்கியது. என்னையே பார்த்தாள்.

ஜூலை 10
முன்பெல்லாம் சிம்மக்கல் தாண்டும்வரை ஆன்மேரிக்கு வாய் ஓயாது. இப்போது பேசுவதே இல்லை. வண்டியூரில் ஏற்றிவிட வந்த அவள் அம்மா என்னிடம் கேட்டார். “கனகா, இவ வீட்டுலயும் வாயத் தொறக்க மாட்டேங்குறா. ஸ்கூல்ல யாரும் அடிச்சாங்களா?”
“நோ ஆன்ட்டி.”
“பெரிய தொரசானிதான்” என்று டிரைவர் விருமாண்டி அண்ணன் சிரித்தார்.

ஜூலை 11
தூக்கத்தில் எரியுது எரியுது என்று கத்தினேனாம். அம்மாவிடம் என்ன சொல்வது?

ஜூலை 14
ஆன்மேரி வகுப்பிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். பாத்ரூம் போகணும் என்று மிஸ்ஸிடம் கேட்கப் பயம். என்னால்தானே? எதுக்கு மாட்டுனேன்? நானே நின்னிருக்கலாம்ல — மூணாவது தடவதானே?

ஜூலை 15
இடைவேளையில் மிஸ் பார்க்கும்போதே ஆன்மேரியிடம் போனேன். “பாத்ரூம் போவமா?” என்று கேட்டேன். அட்டை என் வகுப்பு ஜெர்சனிடம் இருந்தது. ஓடி வந்து எனக்கு மாட்டினான்.
“அப்பாடா, தப்பிச்சேன்டி.”
அவனும் தமிழில்தான் சொன்னான். நான் திருப்பி மாட்டவில்லை.

ஜூலை 18
அம்மா வந்தாள். பிரின்சிபல் அறையில் அழுதாள். ஏன்டி இப்படி என்று கேட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்
ஐந்தாவது நாளாக மேடையில் நான்தான். வகுப்பில் ஜெர்சனும் மற்றவர்களும் என் பக்கத்திலேயே நின்று தமிழில் பேசுகிறார்கள். நான் காதில் வாங்கவில்லை.

சாயங்காலம் வேனில் ஆன்மேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அட்டையின் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள்.
“அக்கா, எரியுதா?”