எலுமிச்சையும் ஆப்பசோடாவும்

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்தே தூறல். பஸ் தாமதம். காரைக்காலில் இறங்கி வேலை பார்க்கும் கடைக்கு நடப்பதற்குள் சுடிதார் காலெல்லாம் சேறு. பில் மெஷின் வேறு மக்கர்.

தங்கை மஞ்சுவைப் பெண் பார்க்க வருகிற ஞாயிறு வருகிறார்கள். நெடுங்காட்டு மாப்பிள்ளை, பேங்க் வேலை. அவளுக்கு இருபத்தாறு. எனக்கு முப்பத்து மூன்று. என்னைத் தாண்டி அவளுக்குப் பார்ப்பது பற்றி சுரக்குடியில் எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அடுத்த அறையில் இருந்துகொண்டே மஞ்சு வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாள். பல் வெள்ளையாக வீட்டு வைத்தியம்.

"சும்மா செஞ்சு பாருக்கா. செலவே இல்ல. எல்லாம் அடுப்படியில இருக்கறதுதான்."

அம்மா தோசையைத் திருப்பிக்கொண்டே, "அவங்க ஒன்னயும் பாப்பாங்கல்ல. இவளுக்கும் பின்னாடி பல்லு அப்புடித்தான் வரும்னு நெனச்சுட்டா?"

மஞ்சள் என்றால்கூடப் பரவாயில்லை. என்னுடையது சாம்பலும் பழுப்பும், பட்டை பட்டையாக.

நவம்பர் 5, புதன்

உப்பு, ஆப்பசோடா. ஈறு எரிச்சல். வாழைப்பழத் தோலின் உள்பக்கம். வழவழப்பு, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் கொப்பளிப்பு. குமட்டல்.

செல்ஃபி எடுத்துப் பார்த்தேன். அழித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

கரித்தூள். வாஷ்பேசின் கறுத்தது. பல் அப்படியே.

பிறகு எலுமிச்சைச் சாற்றில் ஆப்பசோடா. நுரைத்தது. நுரைத்தால் வேலை செய்கிறது என்று நினைத்து வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தேன்.

மஞ்சு டார்ச் அடித்துப் பார்த்தாள். "கொஞ்சம் பரவால்லக்கா." பொய்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டது. டீ குடிக்க முடியவில்லை. தண்ணீரும். பல்லில் ஊசி ஏற்றுகிற மாதிரி. பக்கத்து கவுண்டர் ரஹ்மத் அக்கா பார்த்துவிட்டார்.

"என்னடி பண்ணித் தொலச்ச?"

சொன்னேன்.

"எலுமிச்சம்பழமா? அது குத்துவிளக்கு தேய்க்கத்தாண்டி. கெளம்பு."

சாப்பாட்டு நேரத்தில் பல் டாக்டரிடம் இழுத்துப் போனார். சின்னப் பெண்தான் டாக்டர். பொறுமையாகப் பார்த்தார்.

"டீக்கறை, வெத்தலக்கறைன்னா சுத்தம் பண்ணாலே போயிரும். இது மேல ஒட்டுனது இல்லைங்க. பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள ஏறிருக்கு. சின்ன வயசுல காய்ச்சலுக்கு நெறைய மாத்திரை சாப்பிட்டீங்களா?"

எலுமிச்சை பல்லின் மேல்பூச்சை அரிக்குமாம். போனது திரும்ப வளராதாம். கரித்தூளும் வேண்டாமாம். மெத்தென்ற பிரஷ், சாதாரண பேஸ்ட் போதும். பல் கூச்சத்துக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்.

"வீட்ல என்ன செஞ்சாலும் இது போகாது. உறை போடலாம், அது செலவு. ஆனா பல்லு நல்ல கெட்டி உங்களுக்கு."

கெட்டிப் பல். வரன் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன்.

"ஆமா. நாலு வயசுல விட்டு விட்டுக் காய்ச்சல். ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும். மருந்துக்கடையில குடுத்தத பொடி பண்ணி தேன்ல கொழச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தேன். உசுரு நின்னா போதும்னு இருந்துச்சு."

கோபப்பட ஒரு ஆள் வேண்டும் என்றுதான் கேட்டேன். அதற்கும் வழியில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல வெயில். வந்தார்கள். காபித் தட்டு என் கையில். வாயை இறுக்கிக்கொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தார். உதட்டைப் பெரிதாக அசைத்து, விரல்களைக் குவித்து வாயருகே காட்டி, "சாப்… டாச்… சா?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் அம்மாவிடம் திரும்பினார்.

"பாவங்க. சின்ன வயசுக் காய்ச்சல்ல பேச்சு போயிருச்சுன்னு உங்க சின்னப்பொண்ணு போன்ல சொல்லுச்சு. பாக்க லட்சணமாத்தான் இருக்கு."

மஞ்சு தரையைப் பார்த்தாள். அம்மா முறுக்குத் தட்டை நகர்த்தி வைத்தாள். அம்மாவுக்கும் தெரியும்.

அதே காய்ச்சல். அதனால் பல்லில் கறை ஏறியது என்று சொல்ல வெட்கம். ஊமையானாள் என்று சொல்லலாம்.

"பேச்சு வரும்ங்க," என்றேன். எல்லாப் பல்லும் தெரிய. "பல்லுதான் இப்புடி. காபிக்குச் சக்கர போதுமா?"

அவர் என் கையை விடவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்து, "போதும்மா," என்றார்.

போன் பண்ணுவதாகச் சொல்லிப் போனார்கள். மஞ்சு கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் வடிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 12, புதன்

மறுபடியும் மழை. கடையில் கூட்டமில்லை.

போன் வந்துவிட்டதாம். சம்மதம். தையில் நிச்சயம்.

மஞ்சு: "எல்லாத்தயும் கெடுக்கப் பாத்தல்ல நீ." வாயில் கேசரியை வைத்துக்கொண்டே சொன்னாள்.

பெரியவளுக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை என்று அந்த அம்மா கேட்டாராம்.

"ஒனக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லன்னு சொல்லிட்டேன்," என்றாள் அம்மா, எனக்கும் ஒரு கிண்ணத்தை நீட்டி. "சரிதானே?"

கேசரி சூடு. பல் கூசியது. சாப்பிட்டேன்.