தரவையில் அடித்த கம்பி

ஆவணி, வெள்ளி இரவு.

பக்கத்து வீட்டு மலர் அக்காவின் சினைப்பசு இன்று எங்கள் கம்பி வேலியில் மாட்டிச் செத்துப்போயிற்று.

வேலணைத் தரவையில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. வேறு யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, கனடாவிலிருந்து அண்ணை அதைச் சுற்றி முட்கம்பி அடிப்பித்தார். ஊர் மாடுகள் தண்ணீர் குடிக்கும் குளமும் உள்ளே அகப்பட்டுவிட்டது. வெளியில் அறுகும் கோரையும் கருகிக் கிடக்கின்றன. தாகம் தாங்காமல் பசு கம்பிக்குள் தலையை நுழைத்திருக்கிறது. இழுக்க இழுக்கக் கழுத்து அறுந்திருக்கிறது.

மலர் அக்கா அழவில்லை. "தரவை எண்டால் மேயிற இடம், தங்கச்சி. மாட்டுக்குக் காணி உறுதி வாசிக்கத் தெரியுமே?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"வேற மாடு வாங்கிக் குடு. வேலியில கை வைக்காதை."

"ஏலாது அண்ணை. நான் வெட்டப்போறன்."

போனை வைத்துவிட்டார்.

பசுவைப் புதைத்த பிறகு என் வீட்டுக்காரரும் நானும் குளத்துப் பக்கக் கம்பி முழுவதையும் வெட்டிச் சுருட்டினோம். தலைக்கு மேலே ஆள்காட்டிக் குருவிகள் கத்திக்கொண்டே பறந்தன. பின்னேரம் மாடுகள் வந்தன. கம்பி இருந்த இடம்வரை வந்து அப்படியே நின்றுவிட்டன. மலர் அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் பின்னால் நின்று தள்ளிப் பார்த்தேன். தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது, ஒன்றுகூட உள்ளே கால் வைக்கவில்லை.

இருட்டும்வரை வாளியில் அள்ளிக்கொண்டுபோய் அவை நின்ற இடத்திலேயே வைத்தோம். விடிந்ததும் திரும்பவும் அள்ள வேண்டும்.