தூங்குமூஞ்சி மரத்தில் மூன்று பேனா

மார்ச் 4, செவ்வாய்

காலையில் உளிகளைத் தீட்டினேன். கல்யாணப் பரிசுக்கு ஒருவர் கேட்ட ஆறு மரப் பேனாவில் நாலு முடிந்தது. ஐந்தாவது, துளை போடும்போதே விரிந்துவிட்டது. சொன்ன பேச்சு கேட்காத மரம்.

மனைவி பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, "மரத்தூள் உங்களுக்கு, தும்மல் எனக்கு" என்றாள். பதினோரு வருடமாக இதே புகார். அச்சகத்து வேலையை விட்டுவிட்டு, மரம் கடைகிற இந்த லேத்தை வாங்கிப் பின்னறையில் மாட்டிய நாளிலிருந்து. இருபது வருட வேலையை ஒரே நாளில் உதறியதை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் துணிச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். சொல்லட்டும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு கணக்கு டீச்சர் வந்தார். ஐம்பதுக்குள் இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு மரத்துண்டை எடுத்து மேசையில் வைத்தார். முழங்கை நீளம்.

"இதுல மூணு பேனா வருமா சார்? எனக்கு ஒண்ணு, மகளுக்கு ஒண்ணு, கொழுந்தனுக்கு ஒண்ணு."

தூங்குமூஞ்சி மரம். நடுவில் கரும்பழுப்பு, ஓரத்தில் மஞ்சள். நன்றாகக் காய்ந்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். யார் மரம் கொண்டுவந்தாலும் கேட்பதுதான்.

"தண்ணித்தொட்டி வளைவுல பெருசா ஒரு மரம் இருந்துச்சே. ரோட்டை அகலமாக்க போன வருஷம் வெட்டினாங்க. வெட்டுறவங்ககிட்ட கேட்டு வாங்கினேன். ஒரு வருஷமா கட்டிலுக்கு அடியில காயுது." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "என் வீட்டுக்காரர் அதுல மோதித்தான் போனார். பைக்ல. பதினோரு வருஷம் ஆச்சு."

"மரத்து மேல கோபம் இல்லையா?" என்று கேட்டுவைத்தேன்.

"மரம் என்ன பண்ணும்? அதுவாவது நின்ன இடத்துல நின்னுச்சு."

இரண்டு வாரம் ஆகும் என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

துண்டைத் தொடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை.

அன்றைக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். "இன்னொரு நாள் லேட்டா வந்தா கேட்டுக்கு வெளியவே நின்னுக்கோ" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். தூறல். வளைவில் திரும்பும்போது பைக் சாய்ந்து கிடந்தது. முன்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. மரத்தடியில் ஒரு ஆள்.

ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு காலை ஊன்றினேன். ரோட்டில் வேறு யாரும் இல்லை. செத்துவிட்டார் என்று நினைத்தேன். போலீஸ், சாட்சி, கோர்ட்டுக்கு நடையாய் நடப்பது என்று எல்லாம் நினைத்தேன். பின்னால் யாராவது வருவார்கள் என்றும் நினைத்தேன். இவ்வளவும் நினைக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? காலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஆறுக்கு இரண்டு நிமிடம் முன்னால் அச்சகத்தில் இருந்தேன்.

அவர் அசையவில்லை. அசையவில்லை.

மறுநாள் அச்சகத்தில் பேசிக்கொண்டார்கள். பால்காரர்தான் பார்த்து ஆட்டோவில் ஏற்றினாராம். "அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பொழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னாராம்பா." நான் தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அச்சகத்துக்கு அந்த ரோட்டை விட்டால் வேறு வழி கிடையாது. இரண்டு மாதம் போய்ப் பார்த்தேன். அப்புறம் முடியவில்லை. என் துணிச்சல் இவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்

துண்டை அறுத்து, துளை போட்டு, பித்தளைக் குழாயைப் பசை போட்டுச் செருகி, முதல் கட்டையை லேத்தில் ஏற்றினேன்.

விரிந்துவிடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உளியை வைத்தேன். விரிந்தால் மரம் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுவோ வெண்ணெய் மாதிரி இழைந்தது. சுருள் சுருளாக நீளமாக வந்தது. ஒரு பிசிறு இல்லை. உப்புத்தாள் போட்டு மெழுகு தேய்த்ததும் ரேகைகள் எழுந்து வந்தன. இந்த வருடம் செய்ததிலேயே இதுதான் நல்ல பேனா.

லேத்தை அணைத்த பிறகும் கட்டை கொஞ்சம் சுற்றும். மெதுவாக, இன்னும் மெதுவாக, அப்புறம் நிற்கும். பதினோரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்குப் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சுவிட்சை அணைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

"உள்ள யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?" என்றாள் மனைவி. யாரும் இல்லையே என்றேன்.

பேசினேனா?

மார்ச் 15, சனி

இரண்டாவது முடிந்தது. குளித்த பிறகும் காது மடலில் தூள். சாப்பாட்டில் அந்த மர வாசனை. தட்டை மாற்றிப் போடச் சொன்னேன். "நாக்கு ரொம்பத்தான் நீளுது" என்றாள். மாற்றிய தட்டிலும் அதே வாசனை.

மார்ச் 17, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழி என்று டீச்சர் எட்டிப் பார்த்தார். முடிந்த இரண்டையும் கையில் கொடுத்தேன். உருட்டி உருட்டிப் பார்த்தார். "இவ்வளவு அழகா இருக்கும்னு நினைக்கல." அப்புறம் அவராகவே சொன்னார்.

"பால்காரர் அன்னிக்குத் தூரத்துல வரும்போதே பார்த்தாராம். நீல ஸ்கூட்டர் ஒண்ணு அங்க நின்னுட்டு கிளம்பிப் போச்சாம். அதுக்கப்புறம் அவர் பால் கேனோட மேடு ஏறி வர நேரமாயிடுச்சு. பல வருஷம் எந்த நீல ஸ்கூட்டரைப் பார்த்தாலும் ஓட்டுறவங்க முகத்தைப் பார்ப்பேன் சார்."

"திட்டவா?"

"முதல்ல திட்டத்தான். அப்புறம் அப்புறம், கேக்கணும்னு."

"என்ன கேக்கணும்?"

"அவர் முழிப்போட இருந்திருந்தா, கடைசியா பார்த்தது அவங்கதானே. பால்காரர் வர்றப்போ நினைவில்ல."

ஸ்கூட்டரை அந்த மாதமே விற்றுவிட்டேன். அதைச் சொல்லவில்லை. வியாழக்கிழமை மூன்றும் தயாராக இருக்கும் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ வேலையை விடுறதுக்கு முன்னாடி வயித்துவலின்னு அடிக்கடி படுத்துக்கிட்டீங்களே, ரெண்டு மாசம்?"

"ஆமா."

எல்லாத் துணியையும் மடித்து முடித்தாள். "அந்தம்மாகிட்ட சொல்லாதீங்க. இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கு?" எழுந்து போனவள் வாசற்படியில் நின்றாள். "சொல்லாமயும் எப்படித்தான் அந்தப் பேனாவை அவங்க கையில குடுப்பீங்க?"

அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்ச் 20, வியாழன்

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"டீச்சர், அந்த நீல ஸ்கூட்டர் என்னோடது."

அவருக்குப் புரியவில்லை. "நீங்க வாங்கினீங்களா? யார்கிட்டேருந்து?" என்றார் ஆவலாக.

"வாங்கல. அன்னிக்கு அதை ஓட்டிட்டுப் போனது நான்தான்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். என் கால்களையே பார்த்துக்கொண்டு கேட்டார். "உயிர் இருந்துச்சா?"

"அசையல டீச்சர். போயிட்டார்னு நினைச்சேன்."

எழுந்தார். பேனாக்களைத் தொடவில்லை. செருப்பு மாட்டாமலேயே படி இறங்கிவிட்டார். பிறகு திரும்பி வந்து, குனிந்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். வார் மாட்டாமல் நழுவியது. உதவப் போகவும் முடியாமல் நின்றேன்.

மார்ச் 21, வெள்ளி

பொய். நேத்து சொன்னது பொய். இந்த நோட்டுல எழுதினதும் பொய். எனக்கு நானே எழுதுற நோட்டுலகூட—

அசைஞ்சார். கையைத் தூக்கினார். என்னைப் பார்த்துத்தான் தூக்கினார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போனேன்.

மார்ச் 26, புதன்

டீச்சர் போனில். "நாளைக்கு ஆறு மணிக்கு முன்னாடி வளைவுக்கு வாங்க. நீங்க நின்ன இடத்தைக் காட்டணும்." வைத்துவிட்டார்.

மார்ச் 27, வியாழன்

போனேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு. ரோடு இரண்டு மடங்காகிவிட்டது. மரம் இருந்த இடத்தில் தார், அதன் மேல் வெள்ளைக் கோடு. எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

"எங்க நின்னீங்க?"

காட்டினேன். அங்கே போய் அவர் நின்றுகொண்டார்.

"அவர்?"

வெள்ளைக் கோட்டைக் காட்டினேன். அங்கிருந்து எட்டு அடி கூட இல்லை. "இவ்வளவு கிட்டவா?" என்றார். "முகம் எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம். டீச்சர், நான் அன்னிக்குச் சொன்னது பொய். கையைத் தூக்கினார்."

அந்த நேரம் பார்த்து ஒரு லாரி. "என்ன சொன்னீங்க?" என்றார். இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்வது அத்தனை கஷ்டமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"எந்தக் கை?"

"இடது கை."

"கூப்பிட்டாரா?"

"வாய் அசைஞ்சுது. சத்தம் வரல."

என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். பொத்தான் ஒன்று தெறித்தது. நான் தடுக்கவில்லை. கை ஓய்ந்த பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "தூக்கிட்டு ஓட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம். பக்கத்துல உக்காந்து அந்தக் கையைப் பிடிச்சிருக்கலாமே. அது எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"



போகும்போது சொன்னார். "எல்லாத்தையும் எழுதிக் குடுங்க. பேரு, விலாசம் போட்டு. கையைப் பத்தியும். போலீசுக்கு இல்ல. என் மகளுக்கு. அப்பா பட்டுனு போயிட்டார், வலிக்கலன்னு சொல்லித்தான் அவளை வளர்த்திருக்கேன்."

மார்ச் 30, ஞாயிறு

நாலு பக்கம். இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். மூன்றாவதில் "நினைத்தேன்" என்று முடிகிற வரிகளையெல்லாம் அடித்தேன். செய்ததை மட்டும் வைத்தேன். எழுதி முடித்ததை மனைவியிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கொழுந்தன் வந்தார். கவரையும் மூன்று பேனாவையும் வாங்கிக்கொண்டார். உட்காரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

ஒரு தகவலும் இல்லை. லேத்தைத் துணி போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

மே 11, ஞாயிறு

பத்து மணிக்கு வாசல் மணி. மனைவிதான் திறந்தாள். வாசலில் ஒரு பெண். பத்தொன்பது, இருபது இருக்கும். நெற்றி டீச்சருடையது. கையில் நான் கொடுத்த கவர். பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்பு நைந்துபோயிருந்தது.

"இதை எழுதினது நீங்களா?"

"ஆமாம்மா."

"மூணு இடத்துல கையெழுத்து புரியல. அம்மாவும் தெரியலன்னுட்டாங்க. கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

உள்ளே வந்து உட்கார்ந்தாள். தாள்களை மேசையில் விரித்து முதல் இடத்தில் விரலை வைத்தாள். "தூறல்" என்று படித்துச் சொன்னேன். அடுத்தது "ஊன்றினேன்". மூன்றாவதில் விரலை வைத்தவள் எடுக்கவே இல்லை. "தூக்கினார்" என்றேன்.

தலையை ஆட்டினாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். தாள்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினாள்.

"முதல்லேருந்து நீங்களே படிங்க. உங்க வாயால கேக்கணும்."

கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினேன். அதுவரை கதவோரம் நின்ற மனைவி, ஒரு நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நாலு பக்கத்தையும் படித்தேன்.