லயத்துத் தமிழ் பேசிய அமெரிக்கர்கள்

நானா,

உங்கள் மகள் கொண்டுவந்து தந்த உங்கள் கையெழுத்துக் கொப்பிகளைத் திறந்ததும் கராம்பு வாசம் மூக்கில் ஏறியது. பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு கொப்பிக்குள்ளும் நாலு கராம்பு போட்டு வைத்திருக்கிறீர்கள். சரக்குக் கடைக்காரர் அல்லவா! உங்கள் மொழிபெயர்ப்பை மறுபடியும் அச்சிடுகிறார்களாம். முன்னுரை நான்தான் எழுத வேண்டுமாம். உடம்புக்கு முடியவில்லை என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை.

எங்களுக்கெல்லாம் நானாவாக, அண்ணனாக இருந்த நீங்கள், மாத்தளைக் கடையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அந்த அமெரிக்க நாவலைத் தமிழாக்கினீர்கள். வறட்சியில் நிலம் போய், பழம் பறிக்கும் வேலை தேடிக் குடும்பத்தோடு மேற்கே போகிறவர்களின் கதை. அதைச் சில மாதங்களிலேயே மளமளவென்று எழுதி முடித்த அந்த அமெரிக்க எழுத்தாளர், தன்னால் முடியாது என்று நாட்குறிப்பில் புலம்பிக்கொண்டேதான் எழுதினாராம். "எழுதினவருக்கே அந்தப் பயம்னா, என்னயப் பத்திச் சொல்லவா வேணும் மாஸ்டர்?" என்பீர்கள்.

அந்த ஏழைகளின் பேச்சை, உங்கள் கடைக்குச் சாமான் வாங்க வரும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் பேச்சாக எழுதினீர்கள். நூல் வந்ததும் சிறு சஞ்சிகை ஒன்றில் நான் விமர்சனம் எழுதினேன். தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் பிறந்து, படித்து, பள்ளிக்கூட மாஸ்டராகிவிட்ட மிடுக்கு எனக்கு. உலகம் போற்றும் நாவலை லயத்துக் கொச்சையில் இறக்கிவிட்டார் என்று தீர்ப்புச் சொன்னேன். அதன்பிறகு அதை யாரும் சீந்தவில்லை. கட்டுக் கட்டாகக் கடை மூலையில் கிடந்தது.

கடைப்பக்கம் வரக் கூசிக்கொண்டிருந்த என்னை நீங்களே கூப்பிட்டுப் பிளேன்டீ வரவழைத்தீர்கள்.

"நாவல் எழுதின அந்த மனுசன்ட புத்தகத்த அவர்ட சொந்த ஊர்லயே பொய்யின்னு சொல்லி எரிச்சாங்க மாஸ்டர். நீங்க எழுதத்தானே செஞ்சீங்க?"

"கோவம் இல்லையா நானா?"

"இல்லாம? டீயக் குடிங்க, ஆறிடும்."

எரித்த ஊரே பிறகு அவரைக் கொண்டாடியதாம். இப்போது பல்கலைக்கழகப் பிள்ளைகள், அந்த லயத்துப் பேச்சுதான் உங்கள் நூலின் உயிர் என்கிறார்கள். அவராவது உயிரோடு இருக்கும்போதே விருது வாங்கினார். நீங்கள் மௌத்தாகி, மண்ணுக்குள் போய் நாலு வருடமாகிறது.

களைத்துவிட்டேன் நானா. உங்களிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. அந்த நாவலின் தாய் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்ட இடத்தில், என் அம்மாவின் குரல் கேட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு இறங்கி, பள்ளிக்கூட வாசலுக்குச் சோறு கொண்டுவந்தவள் அவள். யாரென்று கூட்டாளிகள் கேட்டார்கள். "எங்க லயத்துப் பொம்பள ஒண்ணு" என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அதை எழுதாமல் முன்னுரையில் வேறு எதை எழுதினாலும் பொய், நானா.