வைட் அவேக் சொல்லாத காலை

வத்தேகம
ஐப்பசி மாசம்

என் ராசா கனகராஜுக்கு,

முத்துமாரி கண்ணத் தொறந்து பாக்குறா, நானும் அப்பாவும் சொகமா இருக்கோம். கொரியாவுல குளிரு தொடங்கிருச்சுன்னு சொன்ன, நான் குடுத்துவிட்ட ஸ்வெட்டரப் போடு, பெட்டியில வச்சுப் பூச பண்ணாத. போன்ல எப்பிடிடா இருக்கன்னு கேட்டா, கொட்டாவி விட்டுக்கிட்டே வைட் அவேக் அம்மான்னு சொல்லிட்டு வச்சிர்ற. அதான் எழுதுறேன், கடிதாசிய நீ பாதியில வெட்ட முடியாதுல்ல.

அந்த வார்த்தை எனக்கும் தெரியும்டா. இங்க குண்டசாலை கார்மெண்ட்ஸ்ல காலையில மெஷின் போட முந்தி, எங்க சூப்பர்வைசர் முஹ்ஸின் சேர் பேர் கூப்பிடுவாரு. ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு வைட் அவேக்னு சத்தமாச் சொல்லணும், தூக்கமில்ல, கவனமெல்லாம் வேலையிலதான்னு அர்த்தம். புதுசுல வெக்கப்பட்டேன், இப்ப நான்தான் பெரிய தொண்ட. போன கிழமை அப்பாவுக்குக் காய்ச்சல், விடிய விடிய ஈரத்துணி போட்டேன் (இப்ப கோழிக்கறி கேக்குற அளவுக்குத் தேறிட்டாரு, பயப்படாத). காலையில சேர் என் பேரக் கூப்பிட்டாரு, எந்திரிச்சேன். பக்கத்து மெஷின் பாலம்மா வெரல்ல ஊசி எறங்குனது கண்ணுல வந்து நின்னுச்சு. அவளும் அன்னைக்குக் காலையில வைட் அவேக்னு அழகாச் சொன்னவதான். இன்னைக்கு இல்லைங்க சேர், தூங்கலன்னு சொல்லிப்புட்டேன். வேல போச்சுடி வடிவுன்னு நெனச்சேன். அந்த மனுசன், இன்னைக்கு மெஷின் வேணாம், மேசையில நூல் வெட்டுங்க அக்கான்னுட்டாரு. மறுநாளு இன்னும் ரெண்டு பொம்பளைங்க இன்னைக்கு இல்ல சேர்னாங்க! தலையில கைய வச்சாரு பாவம், ஆனா ஏசல. நூல் வெட்டத்தான் அனுப்புனாரு.

நீ இரும்புத் தகடு அழுத்துற மெஷின்ல நிக்கிற. முழிப்பு இல்லன்னா இல்லன்னு அங்க சொல்லு ராசா, ஓவர்டைம் போனாப் போகட்டும். எல்லா மொதலாளியும் மனுசந்தானே, கேப்பாங்க. சித்திரைக்கு லீவு கெடைக்கும்னு சொன்னியே, பத்து வெரலோட வந்து எங்கூட ஒக்காந்து சோறு பெசஞ்சு திங்கணும், எனக்கு அது போதும்.

மாரியாத்தா உன்னக் காப்பாத்துவா, நல்லா இரு. எண்ணெ தேச்சுக் குளி. ஞாயித்துக்கெழம பேசுறப்ப அந்த இங்கிலீசு வேணாம். தூக்கம் வருதும்மான்னு சொல்லு. நானே போன வச்சிர்றேன், நீ தூங்கு.

உன் அம்மா
வடிவம்மா