இரும்புக்கோல் இல்லாமல் ஏரிக்குப் போகிறார்

அன்புள்ள மகள் சைமிக்கு,

அம்மா எழுதுவது. எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, என் மனசுதான் ஒரு நிலையில் இல்லை. லிஸ்பனில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா? ஃபோனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் மெயில்.

நண்பர்களோடு சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கேமை எங்கள் இஷ்டத்துக்கு மாற்றி மோட் செய்கிறோம், அதற்குச் சத்தம் சேர்க்கக் கற்றுக்கொள்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்குச் சந்தோஷம்தான். முதலில் கேமில் இருக்கும் ஒரே ஒரு சத்தத்தை எடுத்துவிட்டு நம்முடையதை வைத்துப் பார்க்க வேண்டும், உருளைக்கிழங்கு மாவைத் துணிப்பையில் போட்டுப் பிசைந்தால் பனியில் நடக்கிற சத்தம் வருகிறது என்றாய், சிரித்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? ஏரி உறையும்போது பனிக்கட்டி விரிந்து விண்ணென்று பாடுமே, அது வேண்டும், வேறு எந்த ஓசையும் கலக்கக் கூடாது என்று அப்பாவிடம் கேட்டாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. பனிக்கட்டி எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு நன்றாகப் பாடும் என்று அவருக்குத் தெரியும். தினமும் ரெக்கார்டரோடு கிளம்பிவிடுகிறார். முன்பெல்லாம் வலை போடப் போனால் பனி தாங்குமா என்று இரும்புக்கோலால் குத்திப் பார்க்காமல் ஓர் அடி வைக்க மாட்டார். இப்போது அது ணங் ணங் என்று ரெக்கார்டிங்கைக் கெடுக்கிறதாம், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார். தண்ணீரில் விழுந்தால் பனியில் குத்தி ஏறுவதற்குக் கழுத்தில் மாட்டும் கூர் ஆணிகளும் கிணுகிணுக்கின்றனவாம், அவையும் கதவுக்குப் பின்னால் தொங்குகின்றன. பக்கத்து வீட்டு ரெய்னோ வந்து, "ஏம்மா கெர்ட்டு, உன் வீட்டுக்காரரு ஏரி மேல என்னமோ நடுக்கூடத்துல நடக்குற மாதிரி கைய வீசிக்கிட்டுப் போறாரே, கவனிச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை முழங்கால்வரை நனைந்து வந்தார், கரையோரம் உடைந்துவிட்டதாம். நான் கத்தித் தீர்த்தேன். அவர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "கத்தாத. வீட்டை விட்டுப் போனதுலேருந்து அவ எங்கிட்ட ஒண்ணு வேணும்னு கேட்டது இதுதான் முதல் தடவை" என்றார். இன்று காலையும் போயிருக்கிறார், ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணே. போதும் என்றும் சொல்லிவிடாதே, முகம் வாடிப்போவார். வேறு ஒன்று கேள். கேமில் ஒரு ஆள் உறைந்த ஏரியில் நடக்கிறான், அடிக்கு ஒரு தரம் கோலால் குத்திப் பார்க்கிறான், கழுத்தில் ஆணிகள் கிணுகிணுக்கின்றன, அந்தச் சத்தம் வேண்டும், நிறைய வேண்டும் என்று கேள். உன் மோடுக்கு உதவாவிட்டால் தூக்கி எறிந்துவிடு. எனக்கு வேண்டும். அந்த ணங் ணங் கேட்டுக்கொண்டிருக்கும்வரை என்னால் இங்கே கிழங்கு உரிக்க முடியும்.

எடுத்த காரியம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் இரு. இன்றைக்கே அவரைக் கூப்பிடு, நாளைக்கும் போவார்.

உன் அம்மா,
கெர்ட்டு