நாற்பது சிப்பாய்களுக்குக் கல்தரை

11 ஜூலை 2004, ஞாயிறு

மழை. அக்கா மகள் கௌசல்யாவின் ஆபீசிலிருந்து ஸ்ரீஜித் என்று ஒருத்தர் வந்தார். கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை, லண்டன் போய் வந்தவர். பெட்டியைத் திறந்தால் நாற்பது சிப்பாய்கள், ஈயத்தில் வார்த்தது, சுண்டுவிரல் உயரம். மேஜையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடுவார்களாம். ஒவ்வொரு சிப்பாய்க்கும் காலடியில் ஒரு ரூபாய் அகலத்துக்கு வட்டத் தட்டு, கழற்றி மாட்டலாம். தட்டு மொட்டையாக இருக்கிறது, கல் பாவிய தெரு மாதிரி வேணும், ஓணத்துக்கு முன்னால் ஆபீஸ் விழாவில் காட்சிக்கு வைக்கணும் என்றார்.

"தரைதானே? மந்திரி வீட்டுத் தரை நான் போட்டது. அதில் முகம் பார்த்துத்தான் அவர் ஷேவ் பண்ணுவார்" என்றேன். (மந்திரியின் டிரைவர் வீடு. காம்பவுண்டு ஒன்றுதான்.)

கௌசல்யா நின்றுகொண்டிருந்தாள். "அம்மா, மாமாவைச் சாப்பிடச் சொல்லு." பிப்ரவரியிலிருந்து இப்படித்தான். நான் எதிரேதான் உட்கார்ந்திருப்பேன்.

13 ஜூலை

இங்கேயாவது எழுதி வைக்கணும். கௌசல்யாவுக்கு நாகர்கோவில் வரன் வந்தபோது, வித்துராவில் பெண் பேரில் ரப்பர் தோட்டம் இருக்கு என்று சொன்னவன் நான்தான். சும்மா ஒரு பேச்சுக்கு. அவர்கள் பஸ் ஏறி வித்துராவுக்கே போய் விசாரித்துவிட்டார்கள். கல்யாணம் நின்றது. தாய்மாமன் கையால் நின்றது.

இந்த வேலை நன்றாக வந்தால் ஆபீசில் அவளுக்கு மரியாதை. அப்புறம் ஒரு வார்த்தை பேசுவாள். பேசாமல் எங்கே போவாள்?

18 ஜூலை

பழைய ரப்பர் செருப்பின் அடிப்பாகத்தைப் பிளேடால் வெட்டி அச்சு செய்தேன். கல்லுக்குக் கல் இடைவெளி, ஒரு மூலையில் உடைசல், எல்லாம் உண்டு. ஸ்ரீஜித் தந்த ஒட்டுமாவு, புட்டி என்கிறார், இரண்டு உருண்டையாக வருகிறது, கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ரெண்டையும் பிசைந்து சாம்பல் நிறம் ஆனதும் தட்டில் அப்பி அச்சை அழுத்தணும். அரைமணிக்குள் முடிக்கணும், அப்புறம் கல்லாகிவிடும். சீமையில்கூட இந்த நுணுக்கம் தெரிந்தவன் இருப்பானா, சந்தேகம்தான்.

20 ஜூலை

புட்டி அச்சோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. ஒன்பது தட்டு பாழ், சுரண்டி எடுத்தேன்.

21 ஜூலை

வழி கண்டேன். அச்சில் தேங்காயெண்ணெய் தொட்டால் வழுக்கிக்கொண்டு வருகிறது. குளியலறை சீசாதான். எட்டாம் கிளாஸ் படித்த மூளைக்கு இது போதாதா.

4 ஆகஸ்ட்

நாற்பதும் முடிந்தது. பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து அடுக்கி, கௌசல்யா பையின் பக்கத்தில் வைத்தேன். எடுத்துப் போனாள். சாயங்காலம் டப்பா திரும்பி வந்தது, உள்ளே ஒரு கை பொரிகடலை. அவள் அப்படித்தான். ஆறு வயதில், நாகலக்ஷ்மி மாமி வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் அடியில் சர்க்கரை போடாமல் வாசல் தாண்டமாட்டாள். கோபம் இருந்தாலும் கை வழக்கத்தை விடவில்லை. பொரிகடலையை ரெண்டு நாள் வைத்துத் தின்னணும்.

9 ஆகஸ்ட்

ஸ்ரீஜித் வந்தார். பெயின்ட் பிடிக்கவில்லை, தோல் மாதிரி உரிகிறதாம். "அங்கிள், இதில் எண்ணெ வல்லதும் தொட்டோ?" என்றார், எண்ணெய் ஏதாவது தொட்டீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"முப்பது வருஷ அனுபவம். தண்ணி மட்டும்தான்."

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? நான் யோசிக்கக்கூட இல்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்போ என் பெயின்டிங்தான் சரியில்லை" என்றார். இரண்டாம் தடவை அடிக்கப் போகிறார். சோப்புத் தண்ணியில் கழுவு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவில்லை. சொன்னால் முதல் பொய் வெளிவரும்.

20 ஆகஸ்ட்

இன்று ஆபீஸ் விழா. நான் புதுச் சட்டை போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒருவேளை கூப்பிடுவார்களோ என்று.

21 ஆகஸ்ட்

அக்கா சொன்னாள். ஏசி ஹாலில் தட்டெல்லாம் வெள்ளை பூத்ததாம், எண்ணெய் உறைந்துதான், எனக்குத் தெரியும். பெரிய மேனேஜர் ஒரு சிப்பாயைத் தூக்கினார், பெயின்ட் அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். தப்பு என்னுடையது என்று ஸ்ரீஜித்தே ஏற்றுக்கொண்டாராம்.

மத்தியானம் கௌசல்யா என் எதிரே வந்து நின்றாள். கையில் குளியலறை சீசா. ஆறு மாதத்துக்கு அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, எண்ணெய்தானே?"

மாமா என்றாள். குரலில் கோபமே இல்லை. ஆமா என்றால் போதும், அதைத்தான் கேட்க வந்திருந்தாள்.

"இல்லியே" என்றேன்.

சீசாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

22 ஆகஸ்ட்

ஏன்டா. ஏன்.

5 செப்டம்பர்

கௌசல்யா கழக்கூட்டத்தில் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தினமும் பஸ் நெரிசல், அதனால்தான் என்று தெருவில் சொல்கிறோம். பெட்டி தூக்கிக் கொடுக்கப் போனேன். "வேண்டாம்னு சொல்லும்மா" என்றாள்.

6 செப்டம்பர்

எதிரே ஆள் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை.

19 செப்டம்பர்

தகரத்தில் வெட்டிப் புதிதாக நாற்பது தட்டு. அச்சைத் தண்ணீரில் முக்கி முக்கி அழுத்தினேன். ஒட்டவே இல்லை. இவ்வளவுதான் விஷயம். வெறும் தண்ணீர்.

அதே பிஸ்கட் டப்பா. மேலே ஒரு சீட்டு: "எண்ணெய் தொட்டது நான். தோட்டம் சொன்னதும் நான். கோமதிநாயகம்." வேறு என்ன சேர்க்கலாம் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சேர்க்கவில்லை. ஹாஸ்டல் வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, ஏறிட்டுப் பார்க்காமல் திரும்பினேன்.

3 அக்டோபர், ஞாயிறு

ஸ்ரீஜித் பைக்கில் வந்து டப்பாவைக் கொடுத்தார். "கௌசல்யா தந்தயச்சதா" என்றார், அவள் கொடுத்தனுப்பியதாம். தட்டெல்லாம் நல்லா இருக்கு என்றார். வேறு ஏதும் சொன்னாளா என்று கேட்டேன். பைக்கை ஸ்டார்ட் பண்ணினார்.

அவர் போனதும் திறந்தேன். கழுவித் துடைத்திருந்தது. சீட்டு இல்லை. அடியில் விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பொட்டுச் சர்க்கரை இல்லை.

அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்: "ஏல கோமதி, டப்பா வெறுமனயா வந்துச்சு?"

"கல்கண்டு போட்டிருந்தா அக்கா. வாசல்லயே தின்னுட்டேன்" என்றேன்.

"எனக்கொண்ணு வச்சிருக்கக் கூடாதா" என்றாள்.